ரப்பர் தவளையும் நாலாம் நம்பர் நூலும்

புரட்டாசி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமைக்கு என் டைரியில் இவ்வளவுதான் இருக்கிறது: "ராடு வந்துவிட்டது. வாசலிலேயே பிரித்தோம். உலையில் அரிசி போட மறந்துவிட்டேன்."

மழை என்றைக்குப் பெய்தது, கண்மாய்க்கு என்றைக்குத் தண்ணீர் வந்தது, கேஸ் சிலிண்டர் என்றைக்கு மாற்றினோம் என்பதையெல்லாம் கிழமையோடு எழுதி வைப்பது என் வழக்கம். கையில் கிடைக்கிற புத்தகத்தையெல்லாம் படித்து, படித்து முடித்த நாளைக் கடைசிப் பக்கத்தில் குறிக்கிற பழக்கமும் உண்டு. அரிசி போட மறந்ததாக அந்த டைரியில் வேறெங்கும் குறிப்பு இல்லை. அன்று எங்கள் இருவருக்கும் அப்படியொரு பரபரப்பு.

எங்கள் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கிறது. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. நூலின் தடிமனையும் வலுவையும் அளந்து பதிவது. கணவர் டூவீலர் மெக்கானிக். இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. கொரோனாவுக்குப் பிறகு வந்த ஒரு கோடையில் செல்போனில் மீன்பிடி வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தோம். அமெரிக்காவில் பாஸ் என்று ஒரு மீன். அதைப் பிடிக்க அவர்கள் புழு வைப்பதில்லை, மாவு உருட்டுவதில்லை. ரப்பரில் செய்த தவளையையும் புழுவையும் எறிந்து, அது உயிரோடு நீந்துவது போல இழுத்து, மீனை ஏமாற்றுகிறார்கள். ஏரியின் நடுவே படகில் நின்றுகொண்டு ராடு என்கிற தூண்டில் கம்பு எது, நூல் சுற்றும் ரீல் எது, எந்த முள் என்று அவர்கள் விவாதிப்பதைக் கேட்டால் நேரம் போவது தெரியாது.

பாஸ் நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் விரால் இருக்கிறது. இதுவும் செடிக்குள் பதுங்கியிருந்து, தலைக்கு மேல் தவளை தத்தினால் பாய்ந்து கவ்வுகிற மீன்தான். பாஸுக்குச் சொன்ன முக்கால்வாசி விஷயம் விராலுக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. மீதிக் கால்வாசி எது என்பதைக் கரையில்தான் தெரிந்துகொண்டோம்.

இரண்டு ஊருக்கும் நடுவில், தண்டவாளத்துக்குக் கிழக்கே உள்ள ஒரு கண்மாயில் எங்களுக்குக் கண். நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் மறுகால் ஓரத்தில் தாமரை இலை நெருக்கமாகப் படர்ந்திருக்கும். இலைகளுக்கு நடுவே அங்கங்கே தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தெரியும். விரால் மூச்சு வாங்க அங்கேதான் மேலே வரும். ஒரு வளையம் எழும்பி, மெதுவாக விரிந்து அடங்கும். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மூங்கில் தூண்டிலோடு போய் நின்றபோது, கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் வந்து எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபப்படாமல்தான் சொன்னார்.

"தங்கச்சி, தூண்டிலோட வாரவன் எல்லாம் விராலுக்குத்தான் வாரேம்பான். போறப்போ பாத்தா பையில கட்லா கெடக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு வருடமும் மழைத் தண்ணீர் சேர்ந்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறவர் அவர். நான் என் வாதத்தைச் சொன்னேன். நாங்கள் ரப்பர் தவளைதான் போடுவோம். கட்லா அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விரால் மட்டும்தான் கடிக்கும். அந்த விரால்தான் நீங்கள் விடுகிற குஞ்சுகளைத் தின்கிறது. பிடிக்கிற விரால் உங்களுக்கு, பிடிக்கிற சந்தோஷம் எங்களுக்கு.

அவர் என்னை விட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தார். "ரப்பரைக் கடிக்க விரால் என்ன பல்லு மொளைக்கிற புள்ளையா?"

கணவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. பேச்சு நீண்டது. கடைசியில் அவர் ஒரு வழிக்கு வந்தார். ஐப்பசி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். அதற்கடுத்த வாரம் குஞ்சு விடப்போகிறேன். ஒரே கம்பு. புழு, உயிருள்ள தவளை, மாவு எதுவும் கூடாது. என் கண் முன்னால் ரப்பரில் ஒரு விராலைப் பிடித்துக் காட்டினால் இந்த வருடம் முழுவதும் கரையில் நின்று எறிந்துகொள்ளலாம். காட்டாவிட்டால் இந்தப் பக்கம் வரக்கூடாது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தோம். ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த ஒரு காலைப்பொழுதில் இருந்தன. அதற்குள் சரியான சாமான் வாங்கியாக வேண்டும்.

ராடுதான் முதலில். இரண்டு வாரம் படித்தேன். முழுதும் வளைகிற ராடு சின்ன மீனுக்கு. செடிக்குள்ளிருந்து பெரிய மீனை இழுக்க, நுனி மட்டும் வளைந்து அடிப்பாதி விறைப்பாக நிற்க வேண்டும். நீளம் கூடினால் தூரம் எறியலாம். ஆனால் டூவீலரில் கொண்டு போக வேண்டுமே. கடைசியில் ஆறரை அடி, இரண்டு துண்டாகக் கழற்றுவது, 'மீடியம் ஹெவி' என்கிற விறைப்பு என்று முடிவு செய்து ஆன்லைனில் போட்டோம். அந்த வெள்ளிக்கிழமை அது வந்தது. கணவர் நுனியைத் தரையில் ஊன்றி, ஷாக் அப்சார்பரைச் சோதிப்பது போல அழுத்தி அழுத்தி விட்டார். "ஸ்பிரிங் நல்லாருக்கு" என்றார். நான் கூடத்தில் நின்று ஒரு தடவை வீசிப் பார்த்தேன். ஃபேன் றெக்கையில் பட்டது. ஃபேன் ஓடாமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

ரீல் விஷயத்தில் எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. வீடியோவில் வருகிற பெரிய ஆட்கள் எல்லாம் ராடுக்கு மேல் உட்காரும் உருளை ரீலைத்தான் வைத்திருந்தார்கள். எறியும்போது அந்த உருளையே சுற்றும். தவளை தண்ணீரில் விழுந்து நின்ற பிறகும் உருளை நிற்காமல் சுற்றினால் நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கொள்ளும். ராடுக்குக் கீழே தொங்கும் ரீலில் நூல் தலைப்பக்கமாக உருவி வரும், சுருள் அசையாது. இதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மில்லில் நூல் சுற்றிய கூம்பிலிருந்து, அதாவது கோனிலிருந்து, நூல் இப்படித்தான் வரும். கோன் சும்மா நிற்கும், நூல் ஓடும். இருபது வருடமாகப் பார்க்கிற விஷயம். தொங்கும் ரீலே போதும் என்று சொல்லிவிட்டேன். கணவரும் தலையாட்டினார்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு பழைய ரீல் இருந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் ஓடாது என்று கொடுத்ததற்குப் பேரிங் மாற்றி, கிரீஸ் போட்டு, நூலும் சுற்றி வைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இல்லை. இவ்வளவு முக்கியமான நாளுக்குப் புது ரீல் வேண்டும் என்றேன். அதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மற்ற சாமான்களுக்கு இராஜபாளையத்தில் ஒரு பாய் கடை. கயிறு, வலை, தார்ப்பாய் விற்கிற கடை. உள்ளே ஒரு கண்ணாடி அலமாரியில் மட்டும் தூண்டில் சாமான். சனிக்கிழமை வேலை முடிந்து அங்கே போனேன். கணவரும் வந்து சேர்ந்தார்.

ரப்பர் தவளைகளை பாய் ஒரு தட்டில் கொட்டினார். பச்சை, மஞ்சள், கறுப்பு, வெள்ளை, புள்ளி போட்டது என்று வகை வகையாக இருந்தன. உள்ளே காற்று, அதனால் மிதக்கும். வயிற்றுக்கடியிலிருந்து இரட்டை முள் வெளியே வந்து, இரண்டு முனையும் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அப்படிப் படுத்திருப்பதால் தாமரை இலையில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு வரும். விரால் கவ்வினால் ரப்பர் அமுங்கி முனை வெளியே தெரியும், வாயில் ஏறும். ஆகவே பார்க்க வேண்டியது அழகை அல்ல, ரப்பரின் மென்மையை. நான் ஒவ்வொரு தவளையாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கி, முள் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்து, ஓரமாக வைத்துக்கொண்டே வந்தேன்.

பாய் கொஞ்ச நேரம் பொறுத்தார். "அக்கா, மாம்பழம் அடுத்த கடை" என்றார்.

அமுக்கியதில் இரண்டு தேறின. ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. தண்ணீர் தெளிந்திருந்தால் பச்சை, கலங்கியிருந்தால் கறுப்பு என்று படித்திருந்தேன். கலங்கல் தண்ணீரில் கீழேயிருந்து பார்க்கும் மீனுக்குக் கறுப்பு நிழல்தான் நன்றாகத் தெரியுமாம். கணவருக்கு மஞ்சள் மேல் ஆசை. மஞ்சள் தவளையை அமுக்கினால் ரப்பர் செருப்பை அமுக்குவது போல இருந்தது, வேண்டாம் என்றேன். கறுப்புத் தவளைக்குக் காலாகத் தொங்கும் குஞ்சத்தில் பாதி இல்லை. வீட்டுக்கு வந்து மில் நூலில் குஞ்சம் கட்டினேன். பருத்தி நூல் தண்ணீரைக் குடித்துத் தவளையின் பின்பக்கத்தை அமுக்கிவிட்டது. வாளித் தண்ணீரில் அது உட்கார்ந்துகொண்டது. அவிழ்த்துவிட்டு பாலியஸ்டர் நூலில் கட்டினேன். மிதந்தது. நிஜத் தவளையே பொறாமைப்படும் கால்கள்.

ரப்பர் புழுவும் ஒரு பாக்கெட் வாங்கினோம். புழுவுக்கு முள் தனியாக வாங்க வேண்டும். கழுத்தில் ஒரு மடிப்பு உள்ள வளைந்த முள். அதன் முனையை ரப்பருக்குள்ளேயே புதைத்து வைத்தால் செடியில் மாட்டாது. அங்கேதான் முதல் நம்பர் பிரச்சினை வந்தது. தூண்டில் முள்ளில் நம்பர் கூடக் கூட முள் சின்னது. பத்தாம் நம்பர் முள் ஆறாம் நம்பரைவிடச் சின்னது. கணவர் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆறாம் நம்பர் பாக்கெட்டில் பத்தாம் நம்பரைப் போட்டுவிட்டதாக பாயிடம் சண்டைக்குப் போனார். பாய் விளக்கியும் நம்பவில்லை.

எனக்கு அது கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. நூலிலும் அப்படித்தானே? நாற்பதாம் நம்பர் நூல் தடிமன். எண்பதாம் நம்பர் மெல்லிசு. நூறாம் நம்பர் அதைவிட மெல்லிசு. நம்பர் கூடினால் பொருள் மெலியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படித்த பாடம் அது. பெரிய முள்ளுக்கு மட்டும் நம்பரோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து, அதிலிருந்து தலைகீழாக எண்ணுகிறார்கள் என்று பாய் சொன்னார். அதை ஒரு விதிவிலக்கு என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அங்கேயே வாங்கிய புது ரீலில் நூல் சுற்றவில்லை. பின்னல் நூல் சரக்கு திங்கட்கிழமை வரும், நம்பரை போனில் சொன்னால் பெரிய சுருளிலிருந்து சுற்றி வைக்கிறேன் என்று ரீலை பாய் வாங்கி வைத்துக்கொண்டார். அன்று இரவுச் சாப்பாட்டில் நூல் நம்பர் பற்றிப் பேச்சு வந்தது. விராலுக்குத் தடிமனான நூல்தான் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஒன்றாம் நம்பரா நாலாம் நம்பரா என்பதில்தான் வேற்றுமை.

"ஏட்டி, நம்பர் கூடுனா சாமான் பெருசு" என்றார் அவர். "பத்தாம் நம்பர் ஸ்பானரவிட பன்னெண்டாம் நம்பர் பெருசு. ஒலகத்துல எல்லாத்துக்கும் அதான்."

"ஒங்க ஒலகத்துல" என்றேன். "இது ஸ்பானர் இல்லங்க, நூலு. நூல நான் பாத்துக்கிடுதேன். முள்ளுல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்குல்ல?"

முள்ளை நினைவுபடுத்தியதும் அவர் அடங்கிவிட்டார். தன்னுடைய பழைய ரீலில் நாலாம் நம்பர்தான் சுற்றியிருப்பதாக மட்டும் முனகினார். திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பாய்க்கு போன் செய்து, ஒன்றாம் நம்பர் சுற்றச் சொன்னேன். அவர் ஒரு கணம் தயங்கியது போல இருந்தது. சரிக்கா என்றார்.

சுற்றி வந்த ரீலைப் பார்த்தபோது நூல் மெல்லிசாகத்தான் தெரிந்தது. ஆனால் பின்னல் நூல் கண்ணுக்கு மெல்லிசாக இருந்தாலும் வலு அதிகம் என்று எல்லா இடத்திலும் போட்டிருந்தது. மொட்டைமாடியில் அரை வாளித் தண்ணீரைக் கட்டித் தூக்கிப் பார்த்தேன். நூல் அறவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? மீதியிருந்த நாட்களில் தினமும் வேலையிலிருந்து வந்ததும் மாடியில் எறிந்து பழகினேன். தூரத்தில் ஒரு பிளாஸ்டிக் டப், அதற்குள் விழ வேண்டும். முதலில் பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டியில் விழுந்தது. அப்புறம் டப்பின் விளிம்பில். வாரக் கடைசியில் மூன்றுக்கு ஒரு தடவை டப்புக்குள் பொத்தென்று விழுந்தது. கணவருக்குக் கை முரடு. அவர் எறிந்தால் தெருவைத் தாண்டும். அதனால் நான்தான் எறிவது என்று முடிவாயிற்று.

ஐப்பசி முதல் ஞாயிறு. வியாழக்கிழமை பெய்த மழையில் கண்மாயில் புதுத் தண்ணீர் சேர்ந்திருந்தது. மேற்கே மலை கழுவி வைத்தது போல இருந்தது. மறுகால் ஓரத்தில் தண்ணீர் இன்னும் தெளிவாகவே இருந்தது, மடைப் பக்கம் மட்டும் கலங்கல். குத்தகைக்காரர் எங்களுக்கு முன்பே வந்து, கல்லில் துண்டு விரித்து, ஃபிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராடை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தவளையை மோந்துகூடப் பார்த்தார். கறியோ எண்ணெயோ தடவியிருக்கிறோமா என்ற சந்தேகம்.

பச்சைத் தவளையைக் கட்டினேன். இலைகளின் மேல் எறிந்து, தத்தித் தத்தி இழுத்து வந்தேன். ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று எறிந்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது இடத்தில், இரண்டு இலைகளுக்கு நடுவே தெரிந்த தண்ணீரில் தவளையை நிறுத்திவைத்து, நுனியால் லேசாக ஒரு தட்டு தட்டினேன்.

தண்ணீர் வெடித்தது. இலை ஒன்று தூக்கி எறியப்பட்டதைப் பார்த்தேன். படித்ததெல்லாம் மறந்து போய், இரண்டு கையாலும் ராடைத் தலைக்கு மேலே இழுத்தேன். ராடு அடிப்பாதி வரை வளைந்தது. விறைப்பாக நிற்கும் என்று சொல்லி வாங்கிய பாதியே வளைந்தது. உள்ளே கனமாக ஏதோ ஒன்று தாமரைத் தண்டுகளுக்குள் திரும்பியது கைக்குத் தெரிந்தது. "விடாத, விடாத" என்று கணவர் கத்தினார். குத்தகைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அடுத்த கணம் ராடு நிமிர்ந்துகொண்டது. நூல் காற்றில் பறந்தது.

அறுந்த முனையைக் கையில் எடுத்தேன். அறுந்த நூல் முனையைப் பார்த்துக் காரணம் சொல்வது என் தொழில். முடிச்சில் அறவில்லை. நடுவில், தண்டில் உரசிய இடத்தில், ஒரு மெல்லிய நூல் எப்படி அறுமோ அப்படி அறுந்திருந்தது. கரையிலிருந்தே பாய்க்கு போன் செய்தேன்.

"பாய், பின்னல் நூலுல ஒண்ணாம் நம்பர்தான தடிமன்?"

"இல்லக்கா, அது கெளுத்திக்குப் போடுதது. நம்பர் கூடுனாத்தான் தடிமன். விராலுக்கு நாலுதான் எடுப்பாக."

"நீங்க ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"நீங்க அம்புட்டு வெவரமாப் பேசுனீகளா, ஏதோ புதுசாப் படிச்சிருக்காகன்னு நெனச்சேன்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. கணவர் அதைக் கேட்டுவிட்டு வண்டியைப் பார்த்து நடந்தார். குத்தகைக்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே, ரப்பரையும் விரால் கடிக்கத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் கடித்ததைக் கரைக்குக் கொண்டு வரவில்லையே, காட்டினால்தானே கணக்கு என்றார். இனி இந்த நூலில் எறிந்து பயனில்லை. ஒரு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளும் அந்த நூலோடு பறந்துகொண்டிருந்தன.

கணவர் வண்டியின் பக்கப் பெட்டியைத் திறந்தார். ஸ்பானர், திருப்புளி, பழைய துணிக்கு அடியிலிருந்து அந்த லட்சணமில்லாத ரீலை எடுத்தார். அதில் நாலாம் நம்பர் நூல்.

"ஸ்டெப்னி இல்லாம நான் எங்க வண்டி எடுத்திருக்கேன்" என்றார்.

ஒரே கம்பு என்பதுதானே பேச்சு, ரீலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று குத்தகைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசித்தார். ஃபிளாஸ்க்கின் மூடியில் டீயை ஊற்றினார்.

"இந்த டீய நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள" என்றார். "அம்புட்டுதான்."

கணவர் என் ராடில் தன் ரீலைப் பூட்டினார். நூலை வளையங்களில் கோத்ததும் அவர்தான். கறுப்புத் தவளையை நான் கட்டினேன். மீன் புரண்டதில் சேறு கலங்கி, இப்போது அந்த இடத்துத் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கறுப்புக்கு ஏற்ற தண்ணீர். பழைய இடத்திலேயே எறியப் போனேன். அவர் தோளைத் தொட்டு, மறுகால் சுவர் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு வளையம் மெதுவாக விரிந்து அடங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தெரிந்த தண்ணீர் எங்கள் மாடி டப் அளவுகூட இல்லை.

எறிந்தேன். இலை மேல் விழுந்தது. அவசரமாக இழுக்காமல், இலையின் விளிம்புக்குக் கொண்டு வந்து, சொட்டென்று தண்ணீரில் இறக்கினேன். பாலியஸ்டர் கால்கள் இரண்டும் விரிந்தன. குத்தகைக்காரரை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூடியை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தார். ஊற்றி எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. அந்த டீயில் ஆவியே இல்லை. ஆனாலும் ஊதினார்.

கறுப்புத் தவளை காணாமல் போனது. சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை, ஒரு முத்தச் சத்தம் போல ஏதோ ஒன்று.

"பொறு" என்றார் கணவர் காதருகே. "செத்த பொறு. முழுங்கட்டும்."

பொறுத்தேன். அந்த நேரம் எவ்வளவு என்று என்னால் எழுத முடியவில்லை. எதையும் அளந்து பழகியவள், அதை மட்டும் அளக்கவில்லை. நூல் ஒரு பக்கமாக நகர ஆரம்பித்ததும் இழுத்தேன். ராடு வளைந்தது. இந்தத் தடவை மீனை வளைய விடாமல், தண்டுகளுக்குள் தலையைத் திருப்ப விடாமல், இலைகளோடு சேர்த்தே இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். நாலாம் நம்பர் நூல் தாமரைத் தண்டுகளை அறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் சேற்றில் கரையோரம் கறுப்பாக ஒன்று புரண்டது. கணவர் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்கினார். என் முழங்கையிலிருந்து விரல் நுனி தாண்டி நீளம். கறுப்பு முதுகு, பாம்புத் தலை, வயிற்றில் மஞ்சள். வாய் ஓரத்தில் கறுப்புத் தவளையின் ஒரு கால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கட்டிய குஞ்சம்.

குத்தகைக்காரர் மூடியிலிருந்த டீயைக் கரையில் கொட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தார். மீனைத் தூக்கிப் பார்த்தார், ரப்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு ராடைக் கையில் வாங்கி, எப்படி எறிவது என்று கேட்டார். அவர் எறிந்த முதல் எறி அவருடைய துண்டில் மாட்டியது.

வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாம் என்று அப்போதே சொன்னார். ஒரு புது நிபந்தனையும் போட்டார்: வரும்போது அவருக்கும் ஒரு ராடு கொண்டு வர வேண்டும். அந்த வாரமே ஒன்று ஆர்டர் செய்தோம். நூல் நம்பரைக் கணவர்தான் சொன்னார், பாயிடம், சத்தமாக, என் பக்கத்தில் நின்றுகொண்டு.

முன்பு ஒப்புக்கொண்டபடி மீனைக் குத்தகைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போனார். போவதற்கு முன் அதன் வாயை விரித்து எங்களுக்கு ஒன்றைக் காட்டினார். தாடை ஓரத்தில், கறுப்புத் தவளையின் முள் ஏறிய இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சின்னதாக இன்னொரு கிழிசல் இருந்தது. முதல் தடவை நூலை அறுத்துக்கொண்டு போன அதே விரால்தான் இது, பச்சைத் தவளையை முழுங்கியிருக்கும் என்று அவர் சொல்கிறார். கணவரும் அதையேதான் சொல்கிறார். எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அந்த இடத்துக்கும் மறுகால் சுவருக்கும் நல்ல தூரம். அடிபட்ட மீன் அவ்வளவு சீக்கிரம் மறுபடி கடிக்குமா என்று எதிலும் நான் படித்ததில்லை. அந்தக் கிழிசல் தின்ற இரையின் எலும்பு குத்தி வந்ததாகவும் இருக்கலாம்.

அறுத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு குத்தகைக்காரரிடம் கேட்டேன். வயிற்றில் பச்சைத் தவளை இருந்தது என்றார். அதைக் காட்டுங்கள் என்றேன். பிள்ளைகள் எங்கேயோ போட்டுவிட்டார்கள் என்றார். கார்த்திகையில் இன்னொரு தடவை கேட்டபோது, அவர் வீட்டில் மீன் அறுத்தவர் மனைவியின் தங்கை என்றும், அவர் தளவாய்புரத்துக்குப் போய்விட்டார் என்றும் சொன்னார். அந்தத் தங்கையை நான் இன்னும் பார்க்கவில்லை. பச்சைத் தவளையும் இதுவரை தண்ணீரில் மிதந்து வரவில்லை. அது ஒரே மீனா, இரண்டு மீன்களா என்பது இதை எழுதும் நாள் வரை உறுதியாகவில்லை.